இங்கிலாந்தின் பழைய நகரங்களில் சில இரவுகள்: செலவுக்குத் தகுந்த பயணமா?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றில் மகனோ மகளோ லண்டன் பக்கம் வேலை பார்க்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கவும் பிரசவத்துக்குத் துணையிருக்கவும் இங்கிருந்து போகும் பெரியவர்கள், அரண்மனை வாசலையும் தேம்ஸ் ஆற்றுப் பாலத்தையும் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டு, மீதி நாள்களைப் புறநகர் வீட்டின் வரவேற்பறையில் கழித்துவிட்டுத் திரும்புவதை நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். விசாவுக்கும் விமானத்துக்கும் அவ்வளவு பணம் கட்டிய பிறகு, லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேர அளவில் எட்டிவிடக்கூடிய நகரங்களைப் பார்க்காமல் வருவது பெரிய இழப்பு என்பது என் உறுதியான எண்ணம். என் மனைவியோடும் ஆத்தாவோடும் யார்க், பாத், செஸ்டர், லிவர்பூல் ஆகிய நான்கு நகரங்களில் தங்கியும் நடந்தும் பார்த்ததை வைத்து, எந்த ஊர் யாருக்குப் பொருந்தும், எங்கே பணம் செலவிடலாம், எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

கானாடுகாத்தானில் பழைய வீடுகளைப் பார்க்க வரும் வெளியூர் விருந்தினர்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்து, முகப்பும் வளவும் பட்டாசாலையும் காட்டி விளக்குவது என் தொழில். ஆகவே ஒரு பழைய ஊருக்குப் போனால், அங்கே நிற்கும் கட்டடங்களின் வயதைக் காட்டிலும், அவற்றில் எத்தனை இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன என்பதையே என் கண் முதலில் தேடுகிறது. படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கப்படும் வீடு என்ன ஆகும் என்பதை எங்கள் தெருக்களில் தினமும் பார்க்கிறேன். பூட்டு தொங்கும் வீட்டில் முதலில் ஓடு சரியும். பிறகு சுண்ணாம்புச் சுவர் மழைநீரைக் குடிக்கும். கடைசியில் தேக்குத் தூணும் நிலையும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வந்து நிற்கும். இந்த நான்கு நகரங்களையும் நான் அந்தக் கவலையோடுதான் பார்த்தேன். என் மதிப்பீடும் அதிலிருந்தே எழுகிறது.

முதலில் ரயிலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் குறும்பயணத்தின் சுகமும் எரிச்சலும் பெரும்பாலும் அதைப் பொறுத்தவை. யார்க்குக்குக் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்தும், பாத்துக்குப் பாடிங்டனிலிருந்தும், செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் யூஸ்டனிலிருந்தும் போக வேண்டும். சுமார் 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள யார்க்கை விரைவு வண்டிகள் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அடைந்துவிடுகின்றன; பாத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். ஆனால் நம் பல்லவன் எக்ஸ்பிரஸைப் போல வகுப்புக்கு ஒரு கட்டணம் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரே பெட்டியில் அருகருகே உட்கார்ந்திருக்கும் இருவர் கட்டிய தொகை பல மடங்கு வேறுபட்டிருக்கலாம். சில வாரங்களுக்கு முன்பே வாங்கும் 'அட்வான்ஸ்' டிக்கெட் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே செல்லும் என்றாலும் மிகவும் மலிவானது. அன்று காலையில் நிலையத்துக்குப் போய் வாங்குவதே எல்லாவற்றிலும் அதிகச் செலவு. 60 வயது நிறைந்தவர்களுக்கான சீனியர் ரயில்கார்டும், சேர்ந்தே பயணம் செய்யும் இருவருக்கான 'டூ டுகெதர்' ரயில்கார்டும் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்களும் இவற்றை வாங்கலாம் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

அந்த ரயில் சேவையில் நான் மனமாரப் பாராட்டுவது, நடக்கச் சிரமப்படுவோருக்குச் செய்துதரும் இலவச உதவி ஏற்பாட்டை. பயணத்துக்கு முன்பே இணையத்திலோ தொலைபேசியிலோ பதிந்துவிட்டால், நிலைய ஊழியர் ஒருவர் வாசலில் காத்திருந்து, சக்கர நாற்காலியில் அழைத்துச் சென்று, சாய்தளப் பலகை போட்டுப் பெட்டிக்குள் ஏற்றிவிடுகிறார். இறங்கும் ஊரிலும் அதே போல் ஒருவர் வந்து நிற்கிறார். முழங்கால் வலியுள்ள என் ஆத்தா இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் லண்டனைத் தாண்டியிருக்க மாட்டார்கள். மறுபுறம், ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தண்டவாளப் பராமரிப்பு வேலைகளைப் பெரும்பாலும் வார இறுதியில்தான் வைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் ஏற வேண்டிய வண்டி ஒன்று ரத்தாகி, பாதி வழி பேருந்தில் போக நேர்ந்தது. தாமதத்துக்கு இழப்பீடு கேட்கும் முறை அங்கே ஒழுங்காக நடைமுறையில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்து விண்ணப்பித்தால் பணம் திரும்பக் கிடைக்கும்.

நான்கில் எந்த ஊர் சிறந்தது என்று கேட்டால் தயக்கமின்றி யார்க் என்பேன். ரோமானியர் கி.பி. 71 வாக்கில் எபோரகம் என்ற பெயரில் அமைத்த படைக் கோட்டையிலிருந்து வளர்ந்த ஊர் இது. 306-ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் ரோமப் பேரரசராக அறிவிக்கப்பட்டது இங்கேதான். 866-இல் வைக்கிங்குகள் இதைக் கைப்பற்றினார்கள். இவ்வளவு வரலாற்றையும் ஒரு சிறிய வட்டத்துக்குள் வைத்துச் சுற்றி மதில் கட்டியிருப்பதால், ரயிலை விட்டு இறங்கிய சில நிமிடங்களில் மதில்மேல் ஏறிவிடலாம். அதன்பின் ஊருக்குத் திரும்பும் வரை வாகனமே தேவையில்லை. குறும்பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இருக்க முடியாது.

மதிலின் நீளம் சுமார் 3.4 கிலோமீட்டர். கட்டணம் கிடையாது, காலையில் திறந்து, இருட்டுவதற்கு முன் வாயில்களை மூடிவிடுகிறார்கள். நடைபாதை ஒருவர் பின் ஒருவராகப் போகும் அகலமே உள்ளது. உள்புறத்தில் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லை. ஏறும் படிகள் செங்குத்தானவை. பெரியவர்களை முழுச் சுற்றுக்கு அழைத்துச் செல்வதைவிட, பூத்தம் வாயிலிலிருந்து மங்க் வாயில் வரையுள்ள பகுதியை மட்டும், கூட உள்ளவர்கள் நடந்து பார்ப்பது நல்லது. யார்க் மின்ஸ்டர் என்ற பேராலயத்தின் பின்புறத் தோட்டங்களும் கோபுரங்களும் அங்கிருந்துதான் மிக அருகில் தெரிகின்றன.

இந்த மதிலைப் பற்றி அறிந்துகொண்ட ஒரு செய்தி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. 1800-ஆம் ஆண்டில் யார்க் நகர நிர்வாகமே, பராமரிப்புச் செலவையும் போக்குவரத்து நெருக்கடியையும் காரணம் காட்டி, மதிலை இடித்துவிட அனுமதி தேடியது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், யார்க்கில் பிறந்த ஓவியர் வில்லியம் எட்டி அதற்காகக் குரல் கொடுத்தார், வழக்கும் வாதமும் நிதி திரட்டலும் பல ஆண்டுகள் நடந்தன. அதற்குள் சில பகுதிகளும், வாயில்களுக்கு முன்னிருந்த காப்பு முற்றங்களும் போய்விட்டன. வால்ம்கேட் வாயிலில் மட்டும் அந்த முற்றம் இன்றும் முழுமையாக நிற்கிறது. இன்று அந்த ஊருக்கு வரும் பயணிகளில் பலர் முதலில் ஏறுவது அன்று இடிக்க நினைத்த அந்த மதிலின்மேல்தான். எங்கள் பக்கத்து வீடுகளைப் பங்காளிகள் பிரித்து, ஓடு, உத்தரம், தூண் என்று எடைக்கு எடை விற்கும்போது சொல்லப்படும் அதே காரணங்கள்தாம் அங்கேயும் சொல்லப்பட்டிருக்கின்றன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. யார்க் நகரமும் 2023-இல் பிரிட்டன் வெளியிட்ட உத்தேசப் பட்டியலில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இடம்பெறுவதற்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஊர்மக்கள் தங்கள் மதிலைக் காத்துக்கொண்டுவிட்டார்கள்.

யார்க் மின்ஸ்டர் பேராலயத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. குறைவான தொகையும் அல்ல. இருந்தும் கொடுத்துப் பார்க்க வேண்டும். இன்று நிற்கும் கட்டடத்தின் பணி 1220 வாக்கில் தொடங்கி 1472-இல் நிறைவுற்றது. கிழக்குப் பக்கத்துப் பெரிய சாளரத்தை ஜான் தோர்ன்டன் என்ற கண்ணாடிக் கலைஞரின் பட்டறை 1405 முதல் 1408 வரையிலான குறுகிய காலத்தில் செய்து முடித்திருக்கிறது. ஒரு டென்னிஸ் களத்தின் அளவுள்ள அந்தச் சாளரத்தில் 311 கண்ணாடிப் பலகங்கள், உலகத்தின் தோற்றத்திலிருந்து முடிவு வரையிலான கதையைச் சொல்கின்றன. அவை ஒவ்வொன்றையும் கழற்றிச் செப்பனிட்டு மீண்டும் பொருத்தும் வேலை பத்தாண்டுக்கும் மேல் நடந்து 2018-இல் முடிந்தது.

1984 ஜூலையில் இடி விழுந்ததாகக் கருதப்படும் தீயில் தெற்கு மண்டபத்தின் கூரை முழுவதும் எரிந்து விழுந்தது. வட்டச் சாளரத்தின் கண்ணாடிகள் ஆயிரக்கணக்கான கீறல்களோடு தப்பின. 1988-க்குள் கூரையை மரத்தாலேயே மீண்டும் கட்டினார்கள். புதிய கூரையின் மரக் குமிழ்களில் சிலவற்றை, தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வென்ற குழந்தைகள் வரைந்த படங்களின்படி செதுக்கியிருக்கிறார்கள். மனிதன் நிலவில் கால்வைத்த காட்சியும் அவற்றில் ஒன்று. பழைய கட்டடத்தைச் செப்பனிடும்போது, செப்பனிட்ட காலத்தின் அடையாளத்தையும் துணிந்து அதில் பதிக்கும் இந்த நம்பிக்கையை நான் மிகவும் மதிக்கிறேன். பேராலயத்துக்கென்றே கல்தச்சர்கள் பணிபுரியும் பட்டறை அருகிலேயே இன்றும் இயங்குகிறது. பழுதடைந்த ஒவ்வொரு கல்லையும் அளந்து, அதே சுண்ணக்கல்லில் புதிதாகச் செதுக்கி மாற்றுகிறார்கள். முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் கலந்து தேய்த்துப் பளபளப்பேற்றும் பூச்சு வேலை தெரிந்த கொத்தனாரை இன்று தேடி அலையும் எங்களைப் போன்றவர்களுக்கு, அந்தப் பட்டறையின் உளிச் சத்தம் பொறாமையைத் தந்தது.

கட்டணம் இல்லாத காட்சிகளில் முதலிடம் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்கு. 1938-இல் மணிக்கு 126 மைல், அதாவது சுமார் 203 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி நீராவி எஞ்சின்களுக்கான உலகச் சாதனையை நிறுவிய மல்லார்ட் எஞ்சின் அங்கே நிற்கிறது. ஜப்பானின் முதல் தலைமுறைப் புல்லட் ரயில் பெட்டிக்குள் ஏறியும் உட்காரலாம். மீட்டர் கேஜ் காலத்தில் மானாமதுரை சந்திப்பில் வண்டி மாறிய நினைவுள்ள பெரியவர்கள் அங்கிருந்து எளிதில் கிளம்ப மாட்டார்கள். அடுத்ததாக, 1951 முதல் ஊர்க்காரர்களே தன்னார்வமாக நடத்திவரும் வழிகாட்டி நடை. கட்டணமோ அன்பளிப்போ வாங்காமல், சுமார் இரண்டு மணி நேரம் ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள். எங்களை அழைத்துச் சென்றவர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு முதியவர். ஒவ்வொரு கட்டடத்திலும் முன்பு யார் என்ன தொழில் செய்தார்கள், இன்று யார் செய்கிறார்கள் என்று தம் உறவினர் வீட்டைக் காட்டுவது போலச் சொல்லிக்கொண்டே வந்தார். விலைக்கு வாங்கும் எந்தச் சுற்றுலாவும் அதற்கு ஈடாகாது.

ஷாம்பிள்ஸ் என்ற குறுகிய தெருவின் மேல்மாடிகள் ஒன்றையொன்று தொடுவது போல் முன்னால் சாய்ந்திருக்கின்றன. ஒரு காலத்தில் இறைச்சிக் கடைகள் நிறைந்திருந்த இடம் என்பதற்குச் சாட்சியாகக் கொக்கிகளும் அகலமான பலகைகளும் இன்னும் உள்ளன. காலை ஒன்பது மணிக்கு முன் போனால் அழகு. பதினொரு மணிக்குமேல் நெரிசலில் கட்டடம் கண்ணில் படாது. வைக்கிங் காலத்து வாழ்க்கையை வாசனையோடு மீட்டுக் காட்டும் யோர்விக் மையம், 1970-களின் இறுதியில் தோண்டியெடுத்த குடியிருப்பின் மேலேயே 1984-இல் திறக்கப்பட்டது. சிறுவர்களோடு போனால் தவறவிடக் கூடாது, பெரியவர்கள் மட்டும் என்றால் விட்டுவிடலாம். கிளிஃபர்ட் கோபுரம் நிற்கும் மேட்டில் 1190-இல் அந்நகரத்து யூதர்கள் ஏறத்தாழ 150 பேர் கும்பலுக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்து, உயிரையும் இழந்தார்கள். அந்தச் செய்தியை மறைக்காமல் அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். படித்துவிட்டு மேலே ஏறுவதே முறை.

சாப்பாட்டில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. யார்க்ஷயர் பகுதியின் மீன், உருளைக்கிழங்கு வறுவல் கடைகள் பலவற்றில் எண்ணெய்க்குப் பதிலாக மாட்டுக் கொழுப்பில் வறுப்பது பழைய வழக்கம். மாட்டிறைச்சி விலக்கியவர்களும் சைவ உணவுக்காரர்களும் வெறும் உருளைக்கிழங்குதானே என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது; எதில் வறுக்கிறீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். மற்றபடி, உணவு விடுதிகளில் சைவ உணவு எது என்று பட்டியலிலேயே குறித்திருக்கிறார்கள். ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பற்றிய விவரத்தைத் தர வேண்டியது சட்டக் கட்டாயம் என்பதால், நிலக்கடலையோ பாலோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அச்சமில்லை. அடுப்பில் முழுதாகச் சுட்ட பெரிய உருளைக்கிழங்கைப் பிளந்து வெண்ணெயும் பயறும் வைத்துத் தருவது எங்கள் ஆத்தாவுக்குப் பிடித்த மதிய உணவாயிற்று. உடன் எடுத்துச் சென்ற பருப்புப் பொடியும் ஊறுகாயும் மீதியைப் பார்த்துக்கொண்டன. பெட்டிஸ் தேநீர்க் கூடத்தில் வரிசை நீளம், விலையும் கூடுதல். ஆயினும் மூன்றடுக்குத் தட்டில் சிற்றுணவு வைத்துப் பரிமாறும் நேர்த்தியும், வயதானவர்களை அவசரப்படுத்தாத பணியாளர்களின் பண்பும் விருந்தோம்பல் தொழிலில் இருப்பவர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை.

பாத் நகரத்தைப் பற்றி என் கருத்து சற்று மாறுபட்டது. அழகில் நான்கு ஊர்களிலும் இதுவே முதன்மையானது. 1987-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் இது. தேன் நிறச் சுண்ணக்கல்லில் ஊர் முழுவதும் ஒரே சாயலில் எழுந்திருக்கிறது. 1767 முதல் 1774 வரை இளைய ஜான் வுட் கட்டிய ராயல் கிரசென்ட் என்ற பிறைவடிவ வரிசையில் 30 வீடுகள் ஒரே முகத்தோடு நிற்கின்றன. பின்பக்கம் சுற்றிப்போய்ப் பார்த்தால்தான் கட்டிய முறை விளங்குகிறது: முகப்பை மட்டும் ஒரே வரைபடத்தின்படி எழுப்பிவிட்டு, அதற்குப் பின்னால் வீட்டை அவரவர் வசதிப்படி கட்டிக்கொள்ள விட்டிருக்கிறார்கள். ஆகவே முன்னால் ஒழுங்கு, பின்னால் மேடும் பள்ளமுமாக விதவிதமான கூரைகள். ஒரு தெருவில் வாசலும் மறுதெருவில் கொல்லையுமாக நீளும் எங்கள் வீடுகளில் முகப்பிலிருந்து மூன்றாம் கட்டு வரை ஒரே நேர்கோட்டில் பார்வை ஓடும். அந்த ஒழுங்குக்குப் பழகிய எனக்கு இந்த வேறுபாடு மிகுந்த சுவை தந்தது.

ரோமானியக் குளியற்கூடத்தில் நாள்தோறும் பத்து லட்சம் லிட்டருக்கும் மேலான வெந்நீர், சுமார் 46 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பூமிக்குள்ளிருந்து பொங்கி வருகிறது. பெரிய குளத்தின் அடித்தளத்தில் ரோமானியர் பதித்த ஈயத் தகடுகள் இன்றும் நீரைத் தாங்குகின்றன. குளிக்க அனுமதியில்லை, குளிக்க விரும்புவோர் அருகில் 2006-இல் திறந்த நவீன வெந்நீர்க் கூடத்துக்குத் தனிக் கட்டணம் கட்டிப் போக வேண்டும். கட்டணம் அதிகம் என்றாலும், ஒலிவழிகாட்டிக் கருவி அதிலேயே அடங்கியிருப்பதால் வேறு வழிகாட்டி தேவையில்லை.

அந்தக் கூடத்தில் என் ஆத்தா அசையாமல் நின்ற இடம், சாபத் தகடுகள் வைத்திருக்கும் கண்ணாடிப் பேழைதான். திருட்டுக் கொடுத்தவர்கள் தங்கள் குறையை ஈயத் தகட்டில் கீறி, சுருட்டி, சூலிஸ் மினெர்வா என்ற தெய்வத்தின் ஊற்றுக்குள் போட்டிருக்கிறார்கள். அப்படி ஏறத்தாழ 130 தகடுகள் கிடைத்துள்ளன. டாசிமெடிஸ் என்பவர் இரண்டு கையுறைகளைத் தொலைத்துவிட்டு, எடுத்தவன் புத்தியையும் கண்களையும் இழக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவரோ, எடுத்தவர் எவராயினும் என்று வேறு சில தகடுகள் விரிந்து செல்கின்றன. விளக்கத்தை என் மனைவி தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த ஆத்தா, "கொல்லங்குடிக் காளிகிட்ட காசு வெட்டிப் போடுற மாதிரில்ல இருக்கு!" என்றார்கள். வெட்டுடையார் காளியம்மன் சன்னிதியில் நியாயம் கேட்டுக் காசு வெட்டிப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அந்தப் பேழையின் முன் விளக்கப் பலகை தேவைப்படாது. ஆயிரத்து எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய மனிதரின் கோபம் அவ்வளவு அருகில் வந்து நிற்கும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இவ்வளவு இருந்தும் பாத் நகரத்தில் இரவு தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விடுதி வாடகை கடுமையாக இருக்கிறது, வார இறுதியில் இன்னும் ஏறுகிறது. நாங்கள் தங்கிய பழைய கட்டடத்தில் மின்தூக்கி இல்லை என்பதை முன்பதிவின்போது தெளிவாகச் சொல்லவும் இல்லை. அறையோ மூன்றாம் மாடியில். பழைய கட்டடத்தில் மின்தூக்கி வைக்க முடியாத சிரமம் எனக்குப் புரிகிறது, எங்கள் வீடுகளுக்கும் அதே சிரமம் உண்டு. ஆனால் விருந்தினரின் வயதைக் கேட்டுத் தரைத்தள அறையை ஒதுக்குவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. லண்டனிலிருந்து காலையில் போய், குளியற்கூடம், ராயல் கிரசென்ட், இருபுறமும் கடைகள் கொண்ட புல்ட்னி பாலம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்புவதே சரியான திட்டம்.

செஸ்டர் பற்றி இங்கே பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். புழக்கத்தில் இருக்கும் பழமை என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ரோமானியரின் டேவா கோட்டையாக இருந்த இந்த ஊரைச் சுற்றி ஏறக்குறைய 3 கிலோமீட்டர் மதில், கிட்டத்தட்ட முழுச் சுற்றாகவே நிற்கிறது. ஊரின் நடுவே கூடும் நான்கு தெருக்களில் 'ரோஸ்' எனப்படும் இரண்டடுக்குக் கடைவரிசைகள் இருக்கின்றன. தெருமட்டத்தில் ஒரு வரிசைக் கடைகள். சில படிகள் ஏறினால் அவற்றின் மேலே, கூரையும் தூண்களும் கைப்பிடியும் கொண்ட நீண்ட தாழ்வாரம். அந்தத் தாழ்வாரத்தை ஒட்டி இன்னொரு வரிசைக் கடைகள். இந்த அமைப்பு 13-ஆம் நூற்றாண்டு முதல் இருந்துவருகிறது. மழை பெய்தாலும் நனையாமல் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். வழிப்போக்கர் ஏறி உட்கார்ந்து இளைப்பாற வீட்டுக்கு வெளியே திண்ணை கட்டிய ஊர்க்காரர்களுக்கு, தனியார் கட்டடத்தின் வழியே பொதுமக்கள் நடந்துபோகும் இந்த ஏற்பாட்டின் பெருந்தன்மை உடனே புரியும். கண்ணைக் கவரும் கறுப்பு வெள்ளை மரச்சட்ட முகப்புகளில் பெரும்பாலானவை விக்டோரியா காலத்தில் பழைய பாணியில் திரும்பக் கட்டியவை. உண்மையான பழமையைப் பார்க்க, கீழ்த்தளக் கடைகளுக்குள் இறங்கிக் கல்வளைவுக் கூடங்களைத் தேட வேண்டும். வாடிக்கையாளர் அல்லாதவர்களையும் கடைக்காரர்கள் உள்ளே வந்து பார்க்கச் சொல்கிறார்கள்.

கூட்டம் குறைவு, விடுதி வாடகை பாத் நகரத்தைவிடக் கணிசமாகக் குறைவு, அங்கிருந்து லிவர்பூலுக்கு முக்கால் மணி நேரத்தில் உள்ளூர் ரயில். ஆகவே செஸ்டரில் தங்கிக்கொண்டு லிவர்பூலைப் பகலில் போய்ப் பார்த்துவரலாம்.

லிவர்பூல் மற்ற மூன்றைப் போன்ற ஊர் அல்ல. கப்பலும் வணிகமும் வளர்த்த துறைமுகம். கடல் தாண்டித் தொழில் செய்த பரம்பரையில் வந்த எங்களுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. 1846-இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் துறைச் சரக்கறைகளைத் தீப்பிடிக்காமல் இருப்பதற்காக மரமே சேர்க்காமல் இரும்பாலும் செங்கல்லாலும் கல்லாலும் கட்டினார்கள். அங்கே நிற்கும் பருத்த வார்ப்பிரும்புத் தூண்களைத் தட்டிப் பார்த்தபோது, பர்மிங்காமிலிருந்து வந்தவை என்று எங்கள் வீடுகளில் சொல்லப்படும் மெல்லிய இரும்புத் தூண்களே நினைவுக்கு வந்தன. 1972-இல் மூடப்பட்டுச் சேறு படிந்து கிடந்த அந்தத் துறையை 1980-களில் மீட்டெடுத்து, கடைகளும் அருங்காட்சியகங்களும் குடியிருப்புகளுமாக மாற்றியிருக்கிறார்கள். ஆனால் 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இந்த நகரத்தின் பெயர், நீர்முகப்பில் எழுந்த புதிய கட்டுமானங்களின் காரணமாக 2021-இல் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அந்தப் பட்டியலுக்காகக் காத்திருக்கும் செட்டிநாட்டவர்கள், ஒரு முறை கிடைத்த இடம் பறிபோகவும் கூடும் என்பதை அந்தக் கரையில் நின்று பார்த்துவர வேண்டும்.

அங்குள்ள ஆங்கிலிக்கன் பேராலயம் பிரிட்டனிலேயே பெரியது; 1904 முதல் 1978 வரை கட்டினார்கள். அதை வடிவமைக்கும் போட்டியில் வென்றபோது கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டுக்கு வயது 22. லண்டன் தெருக்களில் நாம் படம் எடுத்துக்கொள்ளும் சிவப்புத் தொலைபேசிக் கூண்டையும் வடிவமைத்தவர் அவர்தான். பேராலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. பீட்டில்ஸ் இசைக்குழுவில் ஆர்வமுள்ளவர்கள், பால் மெக்கார்ட்னி வளர்ந்த சிறிய நகராட்சிக் குடியிருப்பு வீட்டை நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பராமரித்துக் காட்டுவதைப் பார்க்கலாம், முன்பதிவு கட்டாயம். அரண்மனைகளைக் காக்கும் அமைப்பு ஒரு சாதாரண வீட்டின் அடுக்களையையும் அதே அக்கறையோடு காப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. துறைமுகத்திலுள்ள கடல்சார் அருங்காட்சியகமும் அடிமை வணிக அருங்காட்சியகமும் பெரும் புதுப்பிப்புப் பணிக்காக 2025-இன் தொடக்கத்தில் மூடப்பட்டன என்பதால், அவற்றுக்காகவே போவோர் திறந்துவிட்டனவா என்று உறுதிசெய்துகொண்டு கிளம்ப வேண்டும்.

மூன்று இரவு மட்டுமே ஒதுக்க முடிந்தால், மூன்றையும் யார்க்கிலேயே, மதிலுக்கு உட்பட்ட பகுதியில் செலவிடுங்கள். ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட அது நல்லது. கூடுதலாக இரண்டு இரவு கிடைத்தால் செஸ்டரையும் லிவர்பூலையும் சேர்த்துக்கொள்ளலாம். பருவம் என்றால் மே, ஜூன் மாதங்களே உகந்தவை. ஜூனில் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கிறது, டிசம்பரிலோ மாலை நான்கு மணிக்கே இருட்டி மதில் வாயில்களையும் பூட்டிவிடுகிறார்கள். வெளிச்சம் இருந்தாலும், அருங்காட்சியகங்கள் ஐந்து மணிக்கும் கடைகளில் பல ஆறு மணிக்குள்ளும் மூடிவிடுவதால், காலைப் பொழுதை விடுதியில் வீணாக்கக் கூடாது.

யார்க் பேராலயத்தின் நுழைவுக் கட்டணம் கைக்கு மிஞ்சியதாகக் கருதுவோர், மாலையில் பாடகர் குழு பாடும் வழிபாட்டுக்குப் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, எந்தச் சமயத்தவரும் உட்கார்ந்து கேட்கலாம், முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் சுற்றிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் கூடாது. பள்ளி விடுமுறைக் காலங்களில் சிறுவர் பாடகர்களுக்கும் விடுமுறை என்பதால், அன்றைக்கு யார் பாடுகிறார்கள், எத்தனை மணிக்கு என்பதைப் பேராலயத்தின் இணையதளத்தில் முதல்நாளே பார்த்துவைத்துக்கொண்டு போவது நல்லது.